ஒரு லட்சம் ரூபாய்க்கு கேமிங்: டெஸ்க்டாப்பா, லேப்டாப்பா, பிளேஸ்டேஷனா?

பிளஸ் டூ முடிவுகள் வெளியானதும் என்னைத் தேடி ஒரு கேள்வி வரும். "ஒரு லட்சம் வரை வீட்டில் சம்மதித்துவிட்டார்கள். கேம் விளையாட எதை வாங்கலாம்?" கேட்பவர் அக்கா மகனாக இருக்கலாம், அலுவலக நண்பரின் தம்பியாக இருக்கலாம். கேட்கும்போதே ஒரு கிராபிக்ஸ் கார்டின் (கேமின் காட்சிகளை வரையும் பாகம்) பெயர் வாயில் தயாராக இருக்கும். எந்த கேம் விளையாடப் போகிறாய் என்று திருப்பிக் கேட்டால்தான் தடுமாற்றம். "எல்லாமும்தான்" என்பார்கள்.

எல்லாவற்றையும் விளையாடுபவரை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆண்டு முழுவதும் செலவிடும் நேரத்தில் பெரும்பகுதி இரண்டு மூன்று கேம்களுக்கே போகும். மற்றவை தள்ளுபடியில் வாங்கி, திறந்துகூடப் பார்க்காமல் கிடப்பவை. அந்த இரண்டு மூன்று எவை, எங்கே உட்கார்ந்து, எந்தத் திரையில் விளையாடப் போகிறீர்கள் என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கடைகளில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் கார்டு, பிறகு பிராசசர், கடைசியில் கையில் மிஞ்சிய காசுக்கு ஒரு மானிட்டர். நானோ முதலில் கேம், அடுத்து திரை, அதன் பிறகே கார்டு என்பேன். கீழே எழுதுவதெல்லாம் அந்த வரிசையில்தான். நான் டெஸ்க்டாப் கட்சி என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அதற்குத் தகுந்த தள்ளுபடியைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில், ஒரு லட்சம் தேவையே இல்லாதவர்களைப் பற்றி. பிஜிஎம்ஐ என்ற மொபைல் துப்பாக்கி கேமை மட்டும் விளையாடுபவருக்கு நல்ல மொபைல் போதும். அதைக் கணினியில் எமுலேட்டர் (மொபைல் போல நடிக்கும் மென்பொருள்) வைத்து விளையாட ஆசைப்பட்டு கேமிங் இயந்திரம் வாங்குவது வீண் செலவு. வேலரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 என்று போட்டி கேம்களோடு நிற்பவருக்கும் விலை உயர்ந்த கார்டு வேண்டாம். அவருக்கு வேண்டியது வேகமான திரை. வினாடிக்கு 60 முறை படம் மாறும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒரு பிரேமுக்கும், அதாவது ஒரு படத்துக்கும், அடுத்ததற்கும் இடையில் 16.7 மில்லி வினாடி. 144 ஹெர்ட்ஸில் அது 6.9. மூலையிலிருந்து எதிராளி எட்டிப் பார்க்கும் நேரத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். கவுன்டர் ஸ்ட்ரைக்கில் பிரேம் எண்ணிக்கையைப் பெரும்பாலும் பிராசசர்தான் தீர்மானிக்கிறது, கார்டு அல்ல. அதை நடத்தும் வால்வ் நிறுவனம் மும்பையோடு சென்னையிலும் சர்வர் வைத்திருப்பதால் நம் ஊர்க்காரர்களுக்குப் பிங் (சர்வருக்குப் போய்வர ஆகும் நேரம்) பற்றிய கவலையும் குறைவு. இந்த வகை ஆட்டக்காரர் 1080பி துல்லியமுள்ள, 180 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்று, நடுத்தர பிராசசர், எளிய கார்டு என்று வாங்கி, மிச்சப் பணத்தை வீட்டிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கதை கேம்களும் சின்னத் தயாரிப்பாளர்களின் கேம்களும் மட்டுமே போதும் என்பவருக்கும் இதே பதில்தான். ஸ்டார்டியூ வேலி, ஹேடிஸ், ஹாலோ நைட் எல்லாம் சாதாரண அலுவலக லேப்டாப்பிலேயே ஓடும். டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட 'வெண்பா' கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தைப் பற்றியது. இட்லி, புட்டு, பிரியாணி என்று சமைத்துக்கொண்டே கதை நகரும். ஓர் உட்காரலில் முடித்துவிடலாம். தனி கார்டு கேட்காது. கேமிங் என்றால் துப்பாக்கி என்று நினைக்கும் அம்மாவுக்கு நான் காட்டுவது இதைத்தான்.

ஆக, ஒரு லட்சத்துக்கு நியாயம் செய்யும் ஆள் ஒருவர்தான். சைபர்பங்க் 2077, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, பிளாக் மித் வூகாங் போன்ற கனமான கேம்களையும் விளையாட வேண்டும், நண்பர்களோடு வேலரண்ட்டும் வேண்டும், நான்கைந்து ஆண்டுகள் மீண்டும் செலவு செய்ய முடியாது என்பவர். இனி வருவது அவருக்கு.

டெஸ்க்டாப்: கொட்டேஷனைப் படிக்கத் தெரிய வேண்டும்

சென்னை என்றால் ரிச்சி தெரு. அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பியதும் "தம்பி, லேப்டாப்பா, கேமராவா, என்ன வேண்டும்?" என்ற குரல்கள் தொடங்கிவிடும். ஒரு கடையில் அமர்ந்து விலை கேட்டால் சின்னச் சீட்டில் வரிசையாக எழுதித் தருவார்கள். அந்தச் சீட்டை மேலிருந்து கீழே படிக்காதீர்கள், கீழிருந்து மேலே படியுங்கள்.

மேலே பிராசசரும் கார்டும் முழுப்பெயரோடு இருக்கும். கீழே போகப் போகப் பெயர்கள் மறையும். "16 ஜிபி ராம்" என்று இருக்கும், ஒற்றைக் குச்சியா, எட்டு எட்டாக இரண்டா என்று இருக்காது. ஒற்றைக் குச்சி என்றால் ஒரே சேனலில், அதாவது ஒரே பாதையில்தான் ஓடும். பிராசசரை நம்பி நிற்கும் கேம்களில் அது பிரேம்களைத் தின்னும். "500 வாட் எஸ்எம்பிஎஸ்" (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) என்று இருக்கும், கம்பெனிப் பெயர் இருக்காது. பெரும்பாலான கடைகள் விலையைக் குறைப்பது இந்த வரியில்தான். பெயரில்லாத எஸ்எம்பிஎஸ் எழுதியிருக்கும் வாட்டைத் தராது. தராமல் போவதோடு நிற்காமல், போகும்போது மதர்போர்டையும் கார்டையும் சேர்த்து அழைத்துக்கொண்டு போகலாம். நல்ல கம்பெனியின், மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான 80 பிளஸ் புரோன்ஸ் (Bronze) சான்று பெற்ற 550 அல்லது 650 வாட் வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். சில ஆயிரம் கூடும். அதற்காகக் கேபினெட்டில் வண்ண விளக்குகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். விளக்கால் ஒரு பிரேமும் கூடுவதில்லை.

இன்னொரு சீட்டும் உலவுகிறது. "ஐ7 கேமிங் பிசி, இருபதாயிரத்துக்குள்" என்று விளம்பரம் வரும். அந்த ஐ7 பெரும்பாலும் 2011-இல் வந்த ஐ7 2600 அல்லது அதற்கு ஓரிரு தலைமுறை பின்னால் வந்தது. விண்டோஸ் 11 அதை அதிகாரபூர்வமாக ஏற்காது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. ஐ7 2600-இல் ஏவிஎக்ஸ்2 என்ற புதிய வகை பிராசசர் கட்டளைகளும் கிடையாது. அவற்றைக் கட்டாயமாகக் கேட்கும் புதிய கேம்கள் அதில் திறக்கவே திறக்காது. கூடவே ஜிடி 730 என்ற பழைய, திறன் குறைந்த கார்டு ஒன்றைச் செருகியிருப்பார்கள். ஜிடிஏ வைஸ் சிட்டி போன்ற பழைய கேம் விளையாட நல்ல இயந்திரம். பிரவுசிங் சென்டரில் மணிக்குப் பத்து ரூபாய் கொடுத்து விளையாடிய தலைமுறை ஏக்கத்துக்காக வாங்கினால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

சரி, கார்டுக்கு வருவோம். இப்போதைய நடுத்தரத்தில் மோதிக்கொள்பவை என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060-உம் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியும். 5060 வெளியானபோது அமெரிக்க விலை 299 டாலர், நினைவகம் 8 ஜிபி. 9060 எக்ஸ்டியில் 8 ஜிபி வகை அதே 299 டாலர், 16 ஜிபி வகை 349. நம் ஊரில் வரியும் கடைக்காரர் லாபமும் சேர்ந்து இந்த எண்கள் மேலே ஏறும். ஆனால் இடைவெளி பெரும்பாலும் அப்படியே நிற்கும்.

நான் 16 ஜிபி பக்கம். காரணம் வேகம் அல்ல, ஆயுள். கார்டின் நினைவகம் நிரம்பியதும் கேம் மெதுவாகத் தளர்வதில்லை, திடீரென்று முரண்டு பிடிக்கும். அரை வினாடி உறையும், சுவரின் தோற்றம் களிமண் பூசியதுபோல் மங்கும், கதாபாத்திரத்தின் சட்டை பொம்மைச் சட்டையாகும். 2023 மார்ச்சில் தி லாஸ்ட் ஆஃப் அஸ் முதல் பாகம் பிசிக்கு வந்தபோது 8 ஜிபி கார்டு வைத்திருந்தவர்கள் இதைத்தான் பார்த்தார்கள். பிறகு திருத்தங்கள் வந்து ஓரளவு சரியானது. 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் கேமில் குறைந்தபட்சத் தேவையே 8 ஜிபி நினைவகமும் ரே டிரேசிங் (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு வரையும்) வசதியும் கொண்ட கார்டு. குறைந்தபட்சமே 8 என்றால், நான்கைந்து ஆண்டுக்காக வாங்குபவர் 8-இலேயே தொடங்குவது எப்படிச் சரியாகும்?

என்விடியா கட்சிக்காரர்கள் இங்கே டிஎல்எஸ்எஸ் என்று குறுக்கிடுவார்கள். குறைந்த துல்லியத்தில் வரைந்து, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு பெரிதாக்கிக் காட்டும் நுட்பம் அது. அதில் என்விடியாவின் கை ஓங்கியிருக்கிறது என்பது உண்மை, படம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரேம்களுக்கு நடுவே செயற்கைப் பிரேம்களைச் செருகும் வசதியைக் காட்டி எண்ணிக்கையை ஊதிப் பெருக்குவதை நான் ஏற்க மாட்டேன். 30 பிரேமை 120 ஆக்கிக் காட்டினாலும் மவுஸை அசைத்தால் கை உணர்வது பழைய 30-ஐத்தான். நிஜமாகவே 60-க்கு மேல் வரும் கேமை இன்னும் வழவழப்பாக்க அது உதவும். ஓடாத கேமை ஓட வைக்காது.

பழைய மதர்போர்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சேதி. 5060 எட்டு பாதைகளில்தான் போர்டோடு பேசுகிறது, 9060 எக்ஸ்டி பதினாறில். அந்தப் பாதைகள் பழைய, மெதுவான பிசிஐஇ 3.0 வகையாக உள்ள போர்டில் 8 ஜிபி நிரம்பி வழியும் நேரத்தில் இந்த வித்தியாசம் வலிக்கும்.

திரையை இரண்டாவது இடத்தில் வைத்ததற்குக் காரணம் எளிய கணக்கு. 1080பி திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி-இல் 36.9 லட்சம். 4கே என்றால் 82.9 லட்சம். 4கே டிவியை முன்னால் வைத்துவிட்டு நடுத்தரக் கார்டு வாங்கினால் அந்தக் கார்டுக்கு நான்கு மடங்கு வேலை. 24 அங்குல 1080பி திரை வாங்கினால் அதே கார்டு ஆண்டுக்கணக்கில் அலுக்காமல் ஓடும். 27 அங்குல 1440பி எனக்குப் பிடித்த அளவு. ஆனால் ஒரு லட்சத்துக்குள் அதையும் 16 ஜிபி கார்டையும் சேர்த்து அடக்குவது இப்போது கஷ்டம். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளத் தொடங்கியதில் ராம் விலை இரண்டு மடங்குக்கும் மேல் எகிறியது. எஸ்எஸ்டியும் பின்னாலேயே ஏறியது. பழைய கணினியில் நல்ல டிடிஆர்4 (முந்தைய தலைமுறை) ராம் இருந்தால் அதைத் தூக்கி எறியாமல், அதை ஏற்கும் ஏஎம்டியின் ஏஎம்4 வகை போர்டும் ரைசன் 5 5600-உம் வாங்கி அதையே போட்டுக்கொள்வது இன்றைய நிலையில் புத்திசாலித்தனம். புதிதாகவே தொடங்குபவர் அடுத்த தலைமுறையான ஏஎம்5 பக்கம் போகலாம். 2017-இல் வாங்கிய ஏஎம்4 போர்டில் பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) மாற்றிவிட்டு 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி-யைப் பொருத்தியவர்கள் உண்டு. நான் டெஸ்க்டாப் கட்சியானதற்குப் பெரிய காரணமே இதுதான். ஒன்று பழுதானால் ஒன்றை மாற்றலாம், ஒன்று பழசானால் ஒன்றை மாற்றலாம்.

லேப்டாப்: பெயர் ஒன்று, சிப் வேறு

விடுதியில் தங்கப் போகிறீர்கள், அறையில் கட்டிலும் ஒரு சின்ன மேசையும்தான், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெட்டி கட்ட வேண்டும் என்றால் மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். உங்களுக்கு லேப்டாப்தான். பொறியியல் படிப்புக்கு எப்படியும் ஒன்று வாங்கியே ஆக வேண்டும் என்றால் இன்னும் எளிது. இதில் வாதமே இல்லை.

வாதம் தொடங்குவது வீட்டிலேயே இருப்பவர் "எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாமே" என்று லேப்டாப் வாங்கும்போதுதான். இரண்டரைக் கிலோ இயந்திரம், அதோடு செங்கல் அளவுக்கு அடாப்டர். தூக்கிக்கொண்டு போகலாம்தான். யார் போகிறார்கள்? மேசையிலேயே கிடக்கும், அதுவும் எந்நேரமும் பிளக்கில். பேட்டரியில் ஓடும்போது கார்டுக்குக் கிடைக்கும் மின்சாரம் குறைந்து, கனமான கேம்களில் வேகம் பாதாளத்துக்குப் போகும்.

அதைவிட முக்கியமானது பெயர்க் குழப்பம். டெஸ்க்டாப் ஆர்டிஎக்ஸ் 5070-இல் நினைவகம் 12 ஜிபி. அதே பெயருள்ள லேப்டாப் கார்டில் 8. முந்தைய தலைமுறையில் லேப்டாப் 4090-க்குள் இருந்தது டெஸ்க்டாப் 4080-இன் சிப். பெயர் ஒன்றாக இருப்பதால் திறன் ஒன்று என்று நம்பி வாங்குபவர் ஒரு படி கீழேயுள்ள பொருளை மேல்படி விலைக்கு வாங்குகிறார். ஒரே பெயருள்ள இரண்டு லேப்டாப்புகளே தங்களுக்குள் வேறுபடும். லேப்டாப் 4060-க்கு என்விடியா அனுமதித்த மின்சாரம் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை. மெல்லிய உடலில் அடைத்த 4060-உம் தடித்த உடலில் மூச்சுவிட இடம் கொடுத்த 4060-உம் ஒரே கார்டு என்று சொல்லவே கூடாது. அட்டைப்பெட்டியில் இந்த வாட் எண்ணைப் பெரும்பாலும் போட மாட்டார்கள். தயாரிப்பாளரின் தளத்தில் மாடல் எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

அப்புறம் வெயில். விமர்சன வீடியோக்களில் பெரும்பாலானவை ஏசி அறையில் எடுக்கப்பட்டவை. மே மாத மதியம் வேலூரிலோ மதுரையிலோ அறைக்குள்ளேயே வெப்பம் 35-ஐத் தாண்டியிருக்கும். விசிறி உள்ளே இழுப்பதே சூடான காற்று. பிராசசர் 95 டிகிரியைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். அந்த நேரத்தில் விசிறிச் சத்தத்தில் பக்கத்து அறையில் தாத்தா தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுவார். லேப்டாப்பின் பின்பக்கத்தை ஓர் அங்குலம் உயர்த்தி வைப்பது விலையில்லாத வைத்தியம், பலனும் தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை தூசி தட்டுவதும் அப்படித்தான். ஆனால் திறந்தால் வாரன்டி போய்விடும் என்று சில சர்வீஸ் சென்டர்கள் பயமுறுத்தும். வாங்குமுன் அதை எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிராசசரும் கார்டும் மதர்போர்டோடு சேர்த்து ஒட்டப்பட்டவை. வாரன்டி முடிந்தபின் கார்டு போனால் போர்டு முழுவதையும் மாற்ற வேண்டும், அந்த விலையைக் கேட்டதும் பலர் புது லேப்டாப் பார்க்கப் போய்விடுவார்கள். எனவே லேப்டாப் வாங்குபவருக்கு என் ஒரே பிடிவாதமான அறிவுரை: ராமில் ஒரு படி குறைத்தாலும் பரவாயில்லை, மூன்று ஆண்டு வாரன்டியை நீட்டி வாங்குங்கள். ராமைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம், அதுவும் போர்டிலேயே ஒட்டாத மாடலாக இருந்தால்.

பிளேஸ்டேஷன் 5

பிசிக்காரர்கள் கன்சோலை (டிவியில் இணைத்து விளையாடும் கேம் பெட்டி) கேலி செய்வது ஒரு சடங்கு. நான் அதில் கலந்துகொள்வதில்லை. 2024 ஏப்ரலில் மெலிந்த வடிவ பிஎஸ் 5 இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் வகை 54,990 ரூபாய், டிஸ்க் இல்லாதது 44,990. வீட்டில் ஏற்கெனவே நல்ல டிவி இருந்தால், அந்த விலைக்கு அதே தரத்தில் படம் காட்டும் கணினியை யாராலும் கட்ட முடியாது. டிரைவர் அப்டேட் இல்லை, ஷேடர் (காட்சிகளை வரையும் சிறு நிரல்கள்) தொகுக்கிறேன் பொறுங்கள் என்ற காத்திருப்பு இல்லை. அன்ரியல் என்ஜின் 5 என்ற கேம் தயாரிப்பு மென்பொருளில் செய்த பல கேம்கள் பிசியில் முதல் சில மணி நேரம் திக்கித் திக்கி ஓடுவதையும் பிஎஸ் 5-இல் அதே கேம் நேராக ஓடுவதையும் பார்த்தால் எனக்கே பொறாமை வரும். வேலையிலிருந்து எட்டு மணிக்கு வந்து, ஒன்பதரை வரை விளையாடிவிட்டுத் தூங்கப் போகும் ஆளுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

கணக்கு உதைப்பது பிறகுதான். புதிய பெரிய கேம்கள் பல 4,999 ரூபாய்க்கு வருகின்றன. காசு கொடுத்து வாங்கிய கேமையே இணையத்தில் நண்பர்களோடு விளையாட பிஎஸ் பிளஸ் சந்தா கட்ட வேண்டும். ஃபோர்ட்நைட் மாதிரி இலவச கேம்களுக்கு மட்டும் விதிவிலக்கு. பிசியில் இந்தக் கட்டணமே கிடையாது. வால்வின் ஸ்டீம் இணையக் கடை 2015 நவம்பரிலிருந்து ரூபாயில் விலை போடுகிறது, தள்ளுபடிக் காலத்தில் பாதிக்கும் கீழே இறங்கும். பிடிக்கவில்லை என்றால் வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பும். எபிக் கடை 2018 கடைசியிலிருந்து இலவச கேம்களை அள்ளி விடுகிறது. அவற்றில் பாதி நான் தொட்டதுகூட இல்லை, அது வேறு கதை.

கன்சோல் பக்கம் இதற்கு ஒரே பதில் டிஸ்க். 4,999-க்கு வாங்கி, இரண்டு வாரத்தில் முடித்து, அடுத்தவருக்கு 3,500-க்கு விற்றால் செலவு ஆயிரத்து ஐந்நூறு. பிசியில் வாங்கிய கேமை விற்கவே முடியாது. அதனால்தான் பத்தாயிரம் மிச்சம் என்று டிஸ்க் இல்லாத வகையை வாங்குபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. கன்சோலின் பெரிய பலத்தையே கடையில் விட்டுவிட்டு வருகிறார்கள். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-க்குப் பிசியில் 150 ஜிபி இடம் வேண்டும். மாத டேட்டா வரம்பு உள்ள இணைப்பில் டிஸ்க்கின் அருமை இன்னும் தெரியும்.

முன்பெல்லாம் கன்சோல் வாங்கக் காத்திருந்தால் விலை இறங்கும். இப்போது தலைகீழ். 2021 பிப்ரவரியில் டிஸ்க் வகை 49,990-க்கு இந்தியாவில் அறிமுகமானது. பிறகு ஏறியதே தவிர, தள்ளுபடி நாட்களைத் தாண்டி இறங்கவில்லை. 2024 நவம்பரில் வெளிநாடுகளில் பிஎஸ் 5 புரோ வந்தபோது, அதன் வைஃபை பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இங்கே அனுமதி இல்லாததால் இந்தியா பட்டியலிலேயே இல்லை.

சோனியின் சொந்த கேம்கள் பிசிக்குத் தாமதமாக வருகின்றன என்பதும் கணக்கில் சேரும். ஸ்பைடர்மேன் 2 பிஎஸ் 5-இல் 2023 அக்டோபரில் வந்தது, பிசிக்கு 2025 ஜனவரியில். காட் ஆஃப் வார் ரக்னராக் 2022 நவம்பர், பிசிக்கு 2024 செப்டம்பர். காத்திருக்கத் தெரிந்தவருக்கு இது குறையே இல்லை. விலை குறைந்து, பிழைகள் திருத்தி, கூடுதல் பகுதிகளோடு வரும். காத்திருக்க முடியாதவர் பிஎஸ் 5-ஐ வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஆனால் வேலரண்ட் நண்பர் கூட்டம் கணினியில் இருக்கிறது, கவுன்டர் ஸ்ட்ரைக் 2-உம் டோட்டா 2-உம் கன்சோலில் கிடையாது. நம் ஆள் நண்பர்களோடும் விளையாட வேண்டும் என்றாரே, அவருக்கு இங்கேதான் பிஎஸ் 5 கைநழுவுகிறது.

கையடக்க இயந்திரங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஸ்டீம் டெக் அருமையான பொருள். 2022-இல் வந்தது, ஆனால் வால்வ் அதை இந்தியாவில் நேரடியாக விற்கவில்லை, வெளியிலிருந்து வரவழைத்தால் பழுதுக்கு எங்கே போவது? லினக்ஸில் ஓடுவதால் வேலரண்ட்டும் ஃபோர்ட்நைட்டும் அதில் திறக்காது. ஏசுஸின் ராக் அலை 2023-இல் 69,990 ரூபாய்க்கு இங்கேயே வந்தது, விண்டோஸில் ஓடுகிறது, ஆனால் கனமான கேம் போட்டால் பேட்டரி ஒன்றிரண்டு மணி நேரத்தில் கையை விரிக்கும். கோவையிலிருந்து சென்னைக்கு வாரம் தவறாமல் ரயிலில் போய் வருபவர் வாங்கலாம், இரண்டாவது இயந்திரமாக. கேம் எங்கோ ஒரு சர்வரில் ஓட, அதை இணையம் வழியாக விளையாடும் கிளவுட் கேமிங்கை இந்தப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. இணைப்பு நன்றாக இருக்கும் நாளில் நன்றாக இருக்கும்.

வீட்டில் எழும் ஆட்சேபணை எப்போதும் கரன்ட் பில். கணக்குப் போட்டுவிடலாம். தினம் மூன்று மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 180 மணி. நடுத்தர டெஸ்க்டாப்பும் மானிட்டரும் சேர்ந்து 300 வாட் என்றால் 54 யூனிட். பிஎஸ் 5 சுமார் 200 வாட், டிவி 100 வாட் என்றால் அதுவும் 54. லேப்டாப் 150 வாட் என்றால் 27. ஒன்றும் தலைபோகிற வித்தியாசம் இல்லை. ஏற்கெனவே 500 யூனிட் விளிம்பில் நிற்கும் வீடு மட்டும் கவனிக்க வேண்டும், அதைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். அங்கேயும் குற்றவாளி கணினி அல்ல, அந்த மூன்று மணி நேரமும் கூடவே ஓடும் ஏசி.

கரன்ட் போவதுதான் டெஸ்க்டாப்பின் நிஜமான பலவீனம். கடையில் இலவசமாகச் சேர்த்துத் தரும் 600 விஏ யூபிஎஸ் ஏறத்தாழ 360 வாட்தான் தாங்கும். கேம் ஓடும் நேரத்தில் கரன்ட் போனால் "பீப்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். 1,000 அல்லது 1,100 விஏ வாங்குங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்னாலுள்ள சிறிய சுவிட்ச் யூபிஎஸ் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் அது மற்றப் பக்கத்திலேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கும். கரன்ட் போகும்போதெல்லாம் கணினி ரீஸ்டார்ட் ஆவதற்குப் பாவம் எஸ்எம்பிஎஸ் திட்டு வாங்கும்.

வீட்டிலிருந்தே கல்லூரிக்கோ வேலைக்கோ போய் வரும் நம் ஆளுக்கு என் தீர்ப்பு: 24 அங்குல 1080பி, 180 ஹெர்ட்ஸ் திரை, 16 ஜிபி நினைவகமுள்ள கார்டு, ஆறு கோர் பிராசசர், பெயர் தெரிந்த எஸ்எம்பிஎஸ். பணம் இடித்தால் பிராசசரில் குறையுங்கள், எஸ்எஸ்டியைப் பாதியாக்குங்கள், கார்டின் நினைவகத்தில் கை வைக்காதீர்கள். பழைய கார்டு மலிவாகக் கிடைக்கிறது என்று ஆர்எக்ஸ் 580 பக்கம் போகாதீர்கள். கார்டுகளைக் கொண்டு எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை உருவாக்கும் 'சுரங்க' வேலை 2022 செப்டம்பரில் நின்றபின் மாதக்கணக்கில் இரவு பகலாக உழைத்த கார்டுகள் சந்தைக்கு வந்தன. "2048 எஸ்பி" என்று பெட்டியில் இருந்தால் உள்ளே இருப்பது உண்மையில் ஒரு படி கீழான ஆர்எக்ஸ் 570. அதில் ரே டிரேசிங்கும் இல்லை, எனவே இந்தியானா ஜோன்ஸும் டூம்: தி டார்க் ஏஜஸும் தொடங்காது.

கடைசியாக, இந்த ஆண்டு எல்லோரும் கேட்பது ஜிடிஏ 6. அதைத் தயாரிக்கும் ராக்ஸ்டார் அறிவித்திருக்கும் தேதி 2026 நவம்பர் 19, பிஎஸ் 5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும் மட்டும். பிசிக்குத் தேதி சொல்லவில்லை. ஜிடிஏ 5 கன்சோலுக்கு 2013 செப்டம்பரில் வந்து பிசிக்கு 2015 ஏப்ரலில்தான் வந்தது. ரெட் டெட் 2-க்கு இடைவெளி ஓராண்டுக்குச் சற்று அதிகம். முதல் நாளே விளையாட வேண்டும், மற்ற எந்த கேமும் பொருட்டல்ல என்றால் டிஸ்க் வகை பிஎஸ் 5 வாங்கிவிட்டு மிச்சத்தை வங்கியில் போடுங்கள். ஓராண்டு பொறுக்க முடியும் என்றால் டெஸ்க்டாப்பைக் கட்டும்போதே 650 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் நீளமான கார்டு நுழையும் கேபினெட்டும் கேட்டு வாங்குங்கள். ஜிடிஏ 6 பிசிக்கு வரும் நாளில் கார்டை மட்டும் மாற்றினால் போதும், பழையதை விற்றுப் பாதிக் காசையும் எடுத்துவிடலாம்.